கல்லாப்பெட்டியும் இங்கிலீஷ் சார்வாளும்

எங்கள் மளிகைக்கடைக் கல்லாப்பெட்டி கனத்த தேக்கில் செய்தது. அஞ்சு பைசா, பத்து பைசா, நாலணா, எட்டணாவுக்கு உள்ளே தனித்தனிக் குழிகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சில்லறை பிரிப்பது என் வேலை. இரவு கை கழுவினாலும் செம்பும் புளியும் கலந்த அந்த வாடை போகாது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் வருவார். ஒரு பிடி பொட்டுக்கடலையோடு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்.

"கேஷ்னா நம்ம காசுதானே சார்வாள்?" அப்பா ஒருநாள் பெருமையாகக் கேட்டார்.

"பாதிதான் சரி அண்ணாச்சி. பிரெஞ்சிலே 'கேஸ்'னா பெட்டி. இங்கிலீஷ்காரனும் முதல்ல பெட்டியைத்தான் கேஷ்னான். அப்புறம் உள்ளே கிடக்கிற பணத்துக்கே அந்தப் பேரு வந்துட்டு. நம்ம காசு வேற வழி, போர்த்துக்கீசியன் வாயில புகுந்து போனது."

அப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது. வாடியிருக்க வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808இல் பர்மிங்ஹாமில் அச்சடித்த செம்புக் காசுகளிலேயே 'கேஷ்' என்று பொறித்திருந்தார்கள். அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிப்போனது. இதெல்லாம் நான் பின்னால் படித்தது.

எதிரே ரேஷன் கடைப் பலகையில் 'நியாயவிலைக் கடை', கீழே இங்கிலீஷில் 'ஃபேர் பிரைஸ் ஷாப்'. அந்த 'ஃபேர்' ஆதியில் அழகைக் குறித்த சொல். மாசு மறு இல்லாதது என்றாகி, நியாயத்துக்கு வந்தது என்பார் சார்வாள். சந்தையைச் சொல்லும் 'ஃபேர்' வேறு, திருவிழா நாளுக்கான லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. "கொடை இல்லாம சந்தை ஏது?" என்றார் அப்பா. அகராதிக்காரர்கூட அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

'சீப்' என்றால் மட்டமான சரக்கு என்றுதான் எங்கள் தெருவில் அர்த்தம். பழைய இங்கிலீஷில் அது வெறும் வியாபாரம். மலிவாக வாங்கினால் 'நல்ல சீப்' என்பார்கள். நாளடைவில் 'நல்ல' உதிர்ந்து, மலிவு மட்டும் நின்றது. லண்டனில் சீப்சைட் என்றொரு கடைத்தெரு இருக்கிறது. அதை ஒட்டிய தெருக்களுக்கு இன்றைக்கும் ரொட்டித் தெரு, பால் தெரு, தேன் சந்து என்றுதான் பெயர்.