பங்காளி

மாலைதீவில் மாமா என்றால் பாட்டி. திவெஹி மொழியில் உம்மாவைப் பெற்றவரும் மாமாதான், வாப்பாவைப் பெற்றவரும் மாமாதான். வாப்பாவுக்குப் பப்பா, உம்மாவுக்கு மம்மா. அக்காவைத் 'தத்த' என்பதைக் கேட்ட நாளில் நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். மாத்தளைப் பக்கத்து முஸ்லிம்களாகிய நாங்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் கிழக்கு மாகாண நண்பர்கள் இதற்காகப் பண்ணாத கேலி இல்லை. அவர்களுக்கு அவர் ராத்தா. தமிழ்நாட்டுக்காரர் காதில் விழுந்தால் கிழவர் எங்கே என்று தேடுவார். அப்படிப்பட்ட எங்கள் சொல்லை, கிட்டத்தட்ட அதே ஓசையில், இந்து சமுத்திரத்தின் நடுவில் ஒரு சின்னப் பையன் கூவிக்கொண்டு தெருவில் ஓடினான்.

நான் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல. 2022இல் நம் நாட்டுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பால்மா வரிசை. அந்த ஜூனில், அரச ஊழியர்கள் 5 வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. கிராமத்து இளைஞர்கள் கொரிய மொழிப் பரீட்சைக்கு வகுப்புத் தேடி ஓடினார்கள். நாற்பதைத் தொட்ட வாத்தியாருக்குக் கொரியாவில் இடமில்லை. மாலைதீவோ இலங்கை ஆசிரியர்களுக்குப் பழகிய பாதை. பலர் போய் வீடு கட்டியிருக்கிறார்கள். உம்மாவிடம் இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டு, 2023 தொடக்கத்தில் நானும் புறப்பட்டேன்.

மாலேயிலிருந்து தெற்கே ஓர் அட்டோலில், கால் மணி நேரத்தில் குறுக்கே நடந்துவிடக்கூடிய தீவு. தங்குமிடம் ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை, சாப்பாடும் அவர்களோடுதான். வீட்டுக்காரர் மீன்பிடிப் படகில் போகிறவர். அவருடைய மனைவி, மூன்று பிள்ளைகள், மாமா. வாசலில் 'ஜோலி' என்கிற, இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய இருக்கை. மாலையானால் ஊரே அதில்தான் சாய்ந்திருக்கும். குடிப்பதற்கு மழைநீர்த் தாங்கி. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனதை மாமா கையால் சைகை காட்டியே எனக்கு விளக்கினார்.

முதல் ஆறு மாதம் நான் 'சேர்'. சாப்பாட்டு மேசையில் தலைமாட்டு நாற்காலி எனக்கு. காலையில் மஸ்ஹுனி, அதாவது மாசியும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைந்தது, ரொட்டியோடு. பகலில் சோறும் 'கருதியா' என்கிற தெளிந்த மீன் ரசமும். நான் எழும்பும் வரை பிள்ளைகள் எழும்ப மாட்டார்கள். மரியாதைதான். ஆனால் மரியாதை நிறைந்த வீட்டில் மனிதனுக்குத் தனிமை கூடிப்போகும்.

மொழி வந்தது சிங்களத்தின் தயவில். தமிழ் மொழிமூலத்தில் படித்த எனக்குச் சிங்களம் மாத்தளை பஸ் நிலையமும் சந்தையும் தந்த சீதனம். அது கடல் கடந்து உதவும் என்று யார் நினைத்தது? சிங்களத்தின் ஹந்த அங்கே ஹந்து, இர அங்கே இரு. 'ப' வருகிற இடத்தில் 'ஃப' போட்டால் பாதி வேலை முடிந்தது: பென் ஃபென் ஆகும், பஹ ஃபஹே ஆகும். குரும்பைக்கு இரண்டிலும் குரும்பா. சறுக்கும் இடங்களும் உண்டு. சிங்களத்தில் மஸ் என்றால் இறைச்சி, அங்கே மஸ் என்றால் மீன். நம் மாசிக்குள்ளும் அந்த மஸ்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் கல்லாகும் வரை காயவைத்து அவர்கள் அனுப்ப, நாம் சம்பலில் இடித்துப் போடுகிறோம்.

எழுத்து வலமிருந்து இடம். தானா என்று பெயர். அதன் முதல் 9 எழுத்துகள் அரபு இலக்கங்களிலிருந்தும் அடுத்த 9 பழைய உள்ளூர் இலக்கங்களிலிருந்தும் பிறந்தவை. எண்ணையே எழுத்தாக்கிய சமூகத்தில் கணக்கு வாத்தியாருக்கு என்ன குறை! வீட்டின் கடைக்குட்டிதான் எனக்கு உஸ்தாத். பிழை விட்டால் என் வகுப்பறைக் குரலையே பாவனை பண்ணித் திட்டுவாள்.

எனக்கு முன்னே போன வெளிநாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். இப்னு பதூதா, 1343இல் போய் அங்கே காழியாக இருந்தவர். பெண்களின் உடையைத் திருத்தப் பார்த்துத் தோற்றார், உள்ளூரில் திருமணங்கள் செய்தார், பெரிய இடத்தோடு மனஸ்தாபப்பட்டு 1344இல் புறப்பட்டார், பிறகு இலங்கைக்கு வந்து பாவாத மலை ஏறினார். விருந்தாளியாகப் போனவர் வீட்டுக்காரரைத் திருத்தப் புறப்பட்டால் கப்பல் ஏறவேண்டியதுதான் என்று அதை வாசித்தபோது சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

வீட்டின் பின்புறம், மாசி புகைபோடும் கொட்டிலை ஒட்டி ஒரு தகர அறை. அதில் பங்களாதேஷ் இளைஞர் ஒருவர் இருந்தார். வெளிநாட்டுத் தொழிலாளரில் அந்த நாட்டவரே அங்கே அதிகம். மீன் அவிப்பது, சீமெந்து குழைப்பது, ஜெட்டியிலிருந்து மூட்டை தூக்குவது, எல்லாம் அவர். கடவுச்சீட்டு வேலைக்கு எடுத்தவரின் அலுமாரியில். பங்களாதேஷ்காரரைத் திவெஹியில் 'பங்காளி' என்பார்கள். அந்த வீட்டில் அவருக்கு வேறு பெயரே இல்லை. "பங்காளி, தண்ணீர்." "பங்காளி, விறகு." தமிழ்க் காதோடு பிறந்தவனுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும்? சொத்தில் பங்குள்ள இரத்த உறவைக் கூப்பிடுகிற சொல். அந்த உறவினர் பின்படியில் குந்தியிருந்து, தனித் தட்டில் சாப்பிட்டார்.

அவரும் நானும் அந்நியர்கள், இருவரும் கூலிக்கு வந்தவர்கள், ஒரே ஸப்பில் தொழுகிறவர்கள். எனக்குத் தலைமாட்டு நாற்காலி, அவருக்குப் படி. வீட்டார் கெட்டவர்கள் அல்ல; அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மாமாதான் சோறு கரைத்து அனுப்பினார். எங்கள் ஊரிலும், தோட்டத்திலிருந்து மிளகு பறிக்க வரும் மனிதருக்குத் தேநீர் கொடுக்கத் தனிக் கோப்பையைக் கூரை இடுக்கில் செருகி வைத்திருந்த நல்ல மனிதர்களின் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். ஐந்து நேரமும் தொழுத வீடுகள். இந்தக் கோப்பையைப் பற்றி நம் எழுத்தில் போதுமான அளவு வரவில்லை என்பது என் குறை.

2024 நோன்பில் எனக்குக் கஞ்சி ஆசை பிடித்துக்கொண்டது. அங்கே நோன்பு திறக்க மாசிச் சிற்றுண்டிகளும் குளிர்பானங்களும்தான். ஊரிலிருந்து கொண்டுபோன சட்டியில் அரிசி, உள்ளி, வெந்தயம், இஞ்சி, ரம்பை, தேங்காய்ப்பால் போட்டு நானே காய்ச்சினேன். பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். மாமா இரண்டு கோப்பை குடித்தார். மூன்றாவது கோப்பையைப் பின்படிக்குக் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் பேசாமல் குடித்துவிட்டுச் சட்டியைப் பார்த்தார். பிறகு தினமும் காய்ச்சினேன்.

அந்த நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு ஸஹர் நேரம், உம்மா மௌத்தாகிவிட்டதாகத் தம்பி அழைத்தான். லுஹருக்குப் பிறகு அடக்கம். தீவிலிருந்து மாலே, மாலேயிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மாத்தளை. எந்தக் கணக்கிலும் நேரம் பொருந்தவில்லை. கபுறுக்கு மண் போடுவதைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன். படம் அடிக்கடி உறைந்து நின்றது.

மாமா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அதுவரை என் அறை வாசலைத் தாண்டாதவர். தலையில் கை வைத்து "தரிபுள்ளு" என்றார். பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். சிங்களத்தின் 'தருவா'வும் எங்கள் ஊர்ப் 'புள்ள'யும் சேர்ந்து காதில் விழுந்த மாதிரி இருந்தது. 'சேர்' அன்றோடு போயிற்று.

அஸருக்குப் பிறகு பள்ளியில் உம்மாவுக்குக் காயிப் ஜனாஸா தொழுதார்கள். திரும்பிப் பார்த்தேன், கடைசி ஸப்பில் சீமெந்துத் தூசு படிந்த சாரத்தோடு அவர் நின்றார். அவர் ஹனபி. அவர்கள் மத்ஹபில் காயிப் ஜனாஸா கிடையாது. தெரியாமல் வந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அன்று நோன்பு திறக்க நிலத்தில் பாய் விரித்தார்கள். மாமா பின்பக்கம் குரல் கொடுத்தார். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், ஒரே தட்டிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மேசை மேசையாகவும் படி படியாகவும் திரும்பின. நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு படிக்குப் போனேன். வீட்டுக்காரர் முகம் மாறியது. மாமா எனக்குக் கருதியாவை அங்கேயே ஊற்றினார்.

டிசம்பரில் புறப்படும்போது ஒரு போத்தல் ரிஹாகுரு, ஆறு மாசிக் கட்டை, பிள்ளைகளின் அழுகை. சட்டியை விட்டுவிட்டு வந்தேன். ரிஹாகுரு கொழும்பு வரும்போதே பையில் கசிந்து, என் சான்றிதழ்கள் இன்னும் மீன் மணக்கின்றன.

மாமா இப்போதும் குரல் செய்தி அனுப்புவார். மிளகு எப்படி, பிள்ளைகள் எப்படி, திருமணங்கள் எத்தனை. சென்ற மாதச் செய்தியில் பங்காளி போய்விட்டதாகச் சொன்னார். வடக்கே வேறொரு தீவில் சம்பளம் கூடவாம். போகும்போது அந்தக் கஞ்சிச் சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.