சிக்மாவும் சேர்ந்து நகர வேண்டும்

மதுரைக்கு அருகே ஒரு கல்லூரியின் கணினி அறை. திங்கட்கிழமை கருத்தரங்கு என்பதால் கணித மாணவர்கள் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். இலவச மென்பொருள்களில் எது கணித ஸ்லைடுக்கு ஒத்துவரும் என்று நேரில் பார்க்க நானும் போயிருந்தேன்.

முதல் மேசையில் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ். 1 + 1/4 + 1/9 + 1/16 என்று முடிவில்லாமல் நீளும் தொடருக்கு ஆய்லர் கண்ட விடையை ஒரு மாணவி ஸ்லைடில் ஏற்றிக்கொண்டிருந்தார். சூத்திரத்துக்குத் தனி இடம் திறக்கிறது. கீழே தட்டத் தட்ட மேலே கூட்டுத்தொகைக் குறியான சிக்மா அழகாக உருவாகிறது. ஆனால் ஸ்லைடுக்கு வரும்போது அது ஒட்டவைத்த படம் போலத்தான் உட்காருகிறது. வரியின் தொடக்கத்தில் இரண்டு சொல் சேர்த்தார். வாக்கியம் நகர்ந்தது, சிக்மா நகரவில்லை. எழுத்து அதன்மேல் ஏறிக்கொண்டது. "ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து வைக்கணும் சார்" என்றார். சூத்திரம் இரண்டு மூன்றுதான் என்றால் இழுத்து வைத்துவிடலாம். நிரூபணம் முழுக்கச் சூத்திரம் என்றால் பொழுது அதிலேயே போய்விடும்.

அடுத்த மேசையில் பீமர். கணிதம் அச்சிடப் பயன்படும் லாடெக் மென்பொருளுக்காக டில் டாண்டாவ் என்பவர் 2003-ல் தன் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வின்போது எழுதிய தொகுப்பு இது. இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே சூத்திரத்தை எழுதினால் வாக்கியத்தோடு வாக்கியமாக ஓடுகிறது. படிகளுக்கு இடையே 'பாஸ்' என்று ஒரு கட்டளை கொடுத்தால், கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவதுபோல் வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கணிதம் கேட்பவருக்கு இந்த நிதானம்தான் வேண்டும். முடிவில் கிடைப்பது பிடிஎஃப். எழுத்துருவும் அதற்குள்ளேயே இருப்பதால் கருத்தரங்கக் கணினியில் குறிகள் கட்டம் கட்டமாகச் சிதறாது. தமிழில் எழுத வேண்டுமானால் ஒரு தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டு, லாடெக்கின் ஸீலாடெக் வடிவம் வழியாக ஓட்டலாம்.

ஆனால் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். ஒரு டாலர் குறி விட்டுப்போனதற்கு அங்கிருந்த மாணவர் பத்து நிமிடம் தேடினார். அந்தத் தொல்லையைக் குறைப்பது லிக்ஸ் என்ற மென்பொருள். சூத்திரத்தைத் திரையில் பார்த்தபடியே தட்டலாம். உள்ளே வேலை செய்வது அதே பீமர்தான்.

வார்ப்புருக்களின் அழகைப் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் உரையிலேயே மிகக் கடினமான ஸ்லைடை எடுத்து முதலில் அதைச் செய்து பாருங்கள். அந்த மாணவியும் அதைத்தான் செய்தார். தன் தொடரை லிக்ஸில் மறுபடி தட்டி, வரியின் தொடக்கத்தில் அதே இரண்டு சொல்லைச் சேர்த்தார். வாக்கியத்தோடு சிக்மாவும் நகர்ந்தது.