துப்பாக்கியின் மேனியில் உள்ள எழுத்து

சரக்கு வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதினோர் இலக்கங்களைப் பெரும்பாலோர் கண்டும் காணாதவராய்க் கடந்து செல்வர். இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கோ அவ்விலக்கங்களே அவ்வண்டியின் ஜாதகம். முதலிரண்டு இலக்கங்கள் வண்டியின் வகையையும், அடுத்த இரண்டு அது எந்த இரயில்வேக்கு உரியது என்பதையும், அவற்றையடுத்த இரண்டு கட்டப்பெற்ற ஆண்டையும் உரைக்கும். பழைய இராணுவத் துப்பாக்கிகளும் இவ்வாறே தம் ஜாதகத்தை மேனியில் தாங்கி நிற்கின்றன என்பதைப் பாங்கோட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர், நம் தமிழர்தாம், எனக்குக் கற்பித்தார்.

என்.சி.சி.யில் பயின்ற அன்பர்கள் 'திரீ நாட் திரீ'யை மறந்திருக்க மாட்டார்கள். அதன் போல்ட்டுக்குக் கீழே, மரக்கட்டை தொடங்குமிடத்திலுள்ள உருக்குப் பட்டையை நோக்குக. வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் காலத்தில் செய்யப்பட்டதாயின் முடியும் 'ஜி.ஆர்.ஐ.' என்னும் எழுத்துகளும் காணப்படும். குடியரசு பிறந்த பின்னர்ச் செய்யப்பட்டதாயின் முடியிருந்த இடத்தில் அசோகச் சிங்கம் வீற்றிருக்கும். மூன்று என்னும் ரோமன் எண்ணுக்கருகே ஒரு நட்சத்திரம் இருந்தால், 1916இல் போர் நெருக்கடியில் சில உறுப்புகளைக் குறைத்து எளிமையாக்கிய வகை அது. ஒரு சிறு நட்சத்திரத்தில் எத்தனை செய்தி!

'கார்பைன்' என்பது ஆதியில் குதிரைப் படையினருக்கென ஏற்பட்ட குட்டைத் துப்பாக்கி. ஆயினும் 'ஜங்கிள் கார்பைன்' என்று உலகம் அழைக்கும் துப்பாக்கியின் மேல் அச்சொல் பொறிக்கப்படவேயில்லை, 'ரைபிள் நெ. 5, மார்க் 1' என்பதே அதன் முறையான பெயர். 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் மட்டுமே அது செய்யப்பட்டது. இடப்புறத்து இரும்பில் மின் எழுதுகோலால் கீறிய எழுத்தில் 'ஆர்.ஓ.எப். (எப்)' என்றிருப்பின் பாஸாகர்லி ஆலையில் செய்தது. அருகில் மாதமும் ஆண்டும் இருக்கும். நெ. 4 துப்பாக்கியை வெட்டிச் சுருக்கி, 'இதுவும் ஐந்துதான்' என்று விற்றவர் பலர். அசலில் எடையைக் குறைப்பதற்காகக் குழாயின் அடியில் பள்ளங்கள் வெட்டியிருப்பர். போல்ட்டின் குமிழையும் குடைந்திருப்பர். போலி செய்வோர் பெரும்பாலும் இவ்வளவு சிரமம் மேற்கொள்வதில்லை.

இக்கல்வி எனக்கு எதற்கு உதவும் என்று வீட்டில் பலமுறை கேட்டதுண்டு. சென்ற ஆண்டு அது உதவிற்று. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னே வசிக்கும் ஆச்சி ஒருவர், மலாயாத் தோட்டத்தில் பிறந்து சிறு வயதில் இங்கு வந்தவர், தம் தந்தையாரின் புகைப்படத்தைக் கொணர்ந்தார். காக்கி உடை, கையில் துப்பாக்கி, பின்புறத்தில் '1943' என்று யாரோ எழுதியிருந்தனர். "அப்பா நேதாஜி படையில் இருந்தவர், தம்பி. இந்தப் படந்தான் அதற்குச் சாட்சி" என்றார்.

படத்தில் எழுத்துகள் தெரியவில்லை. ஆனால் குழாயின் நுனியில் புனல்போல் விரிந்த தீ மறைப்பு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. கட்டையின் அடியில் இரப்பர்த் திண்டு. ஆர்மரரும் பார்த்து, "ஐந்துதான்" என்றார். 1944இல் பிறந்த துப்பாக்கி 1943இல் எடுத்த படத்தில் எப்படி வரும்? 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரநிலை நிலவியபோது அந்நாட்டுப் போலீசாரிடம் இவ்வகை மிகுதியாக இருந்தது. தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டனர்.

ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. "அப்படியானால் அப்பா வெள்ளைக்காரன் பக்கமா?" என்று கேட்டார். அக்கேள்விக்குத் துப்பாக்கி விடை சொல்லாது. தோட்டத் தமிழர் பலர் 1943இல் நேதாஜியின் அழைப்பை ஏற்றுப் படையில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காகக் காவற்பணி ஏற்றிருக்கவும் கூடும். படம் பொய்யன்று, பின்னாலுள்ள ஆண்டே பொருந்தாதது என்றேன். புது தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய இராணுவக் கோப்புகள் உள்ளன. அங்கு விசாரிக்கக் கடிதம் ஒன்றும் எழுதிக் கொடுத்தேன்.

'1943'ஐ அடிக்க ஆச்சிக்கு மனம் வரவில்லை. அதன் கீழே 'துப்பாக்கியின்படி 1944க்குப் பின்' என்று என்னையே எழுதச் சொல்லி, படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்.