முதுகுக்கு நாலு ஸ்க்ரூ

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். மூன்றாம் வருஷம். இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம் :)

ஸ்க்ரூ நிற்பதும் நிற்காததும் அது இறங்குகிற மரத்தைப் பொறுத்தது. எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார். தேக்கில் இறுக்கினால் பிடிக்கும், செல்லரித்த பலகையில் சும்மா சுற்றும். முதுகெலும்பில் போடும் ஸ்க்ரூவுக்கும் கதை அதேதான். என்ன, இங்கே பலகைக்குப் பக்கத்திலேயே நரம்பு ஓடுகிறது.

இதற்குப் பெயர் பெடிக்கிள் ஸ்க்ரூ. ஒவ்வொரு முள்ளெலும்பிலும் முன்பக்கத்து உருளையையும் பின்பக்கத்து வளையத்தையும் சேர்க்கிற இரண்டு குட்டித் தூண்கள் உண்டு. அதுதான் பெடிக்கிள். முதுகு வழியாக அதற்குள் விட்டு, முன்னால் இருக்கிற உருளை வரை இறக்குவார்கள். பிறகு மேலே இருக்கிற ஸ்க்ரூ தலையையும் கீழே இருக்கிற தலையையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் அந்த இடம் அசையாது. 1963-ல் பிரான்ஸில் ரேமண்ட் ராய்-கமில் என்ற சர்ஜன் இந்த முறையைத் தொடங்கினார். அதற்கு முன் அமெரிக்காவில் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்குச் செய்தது கொக்கியும் கம்பியும்.

பயம் எங்கே என்றால், அந்தத் தூணின் உள்சுவருக்கு அந்தப் பக்கம் தண்டுவடக் குழாய். அடிச்சுவரை ஒட்டி நரம்பு வேர். இடுப்புப் பக்கம் தூண் தாராளமான அகலம். நெஞ்சுக்கு நேர் பின்னால், மார்புப் பகுதியின் 4, 5-ஆம் எலும்புகளில், பலருக்கு 5 மி.மீ. கூட வராது. கண்ணுக்குத் தெரியாத தூணுக்குள் கையின் உணர்வை நம்பி வழி போட வேண்டும். இதற்காகவே பெடிகார்ட் என்று ஒரு கருவி உண்டு. அதன் நுனி மின்கடத்தலை அளந்துகொண்டே போகும். கெட்டி எலும்பைவிட ரத்தமும் சதையும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சுவர் உடையப் போகிறது என்றால் 'பீப்' சத்தத்தின் சுருதியும் வேகமும் மாறும். கார் ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துமே, கிட்டத்தட்ட அதுதான்!

ஸ்க்ரூவின் வடிவத்தில்தான் எனக்குப் பிடித்த கணக்கு இருக்கிறது. வெளி விட்டம் பெரிதானால் பிடிப்பு கூடும். உள்தண்டு தடித்தால் வளையாது. உள்தண்டை 4 மி.மீ.யிலிருந்து 5 ஆக்கினால் வளைவைத் தாங்கும் பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் வெளி விட்டத்தைப் பெரிதாக்க முடியாது, தூண் வெடித்துவிடும். உள்ளே மட்டும் தடித்தால் மரையின் ஆழம் குறையும், பிடிப்பு போகும். அதனால் பல ஸ்க்ரூக்களில் உள்தண்டு தலைப்பக்கம் தடியாகவும் நுனிப்பக்கம் ஒல்லியாகவும் இருக்கும், ஏனென்றால் வளைக்கிற சுமை தலைப்பக்கம்தான் அதிகம். யார் யோசித்தார்களோ, கை கொடுக்க வேண்டும்.

காமர்ஸ்காரனுக்கு இதில் ஒரு வழக்கும் கிடைத்தது. அமெரிக்காவில் ஆக்ரோமெட் என்ற கம்பெனி 1984-லும் 1985-லும் தன் ஸ்க்ரூவை முதுகெலும்புக்கு என்று சொல்லி எஃப்.டி.ஏ.விடம் அனுமதி கேட்டது. இரண்டு தடவையும் மறுப்பு. மூன்றாவது தடவை தகடு தனி, ஸ்க்ரூ தனி என்று பிரித்து, கை கால் எலும்புகளுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். 1986 பிப்ரவரியில் அனுமதி கிடைத்துவிட்டது! அனுமதித்ததற்கு வெளியே ஒரு டாக்டர் பயன்படுத்துவது அங்கே சட்ட விரோதம் இல்லை. பின்னால் இந்த ஸ்க்ரூக்கள் பற்றிய சுமார் 2,300 வழக்குகள் ஒரே கோர்ட்டில் குவிந்தன. எஃப்.டி.ஏ.வை ஏமாற்றினார்கள் என்று மாநிலச் சட்டத்தின் கீழ் நோயாளிகள் வழக்குப் போட முடியாது, அதைக் கவனிப்பது எஃப்.டி.ஏ.வின் வேலை என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதற்கிடையே 1998-ல் எஃப்.டி.ஏ.வே முதுகெலும்பில் சில பயன்பாடுகளுக்கு இந்த ஸ்க்ரூவைக் கடுமை குறைந்த வகுப்புக்கு மாற்றியது. பொருள் நல்லதாகவே இருக்கட்டும், அது வந்த கதவு எனக்குப் பிடிக்கவில்லை.

இவ்வளவும் ஏன் படித்தேன் என்றால், அம்மாவுக்கு இடுப்பில் 4-வது எலும்பு 5-வதின் மேல் முன்னால் நழுவியிருக்கிறது. நாலு ஸ்க்ரூ, இரண்டு கம்பி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா தையல்காரி. கேட்டது ஒரே கேள்வி: "ஏன்டா, மிஷின்ல போட்ட ஸ்க்ரூவே ஆறு மாசத்துல லூசாவுது, இது ஆவாதா?"

ஆகும்மா, என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. இரண்டு எலும்பும் ஒட்டி வளர மாதக் கணக்கில் ஆகும். அதுவரை தாங்குவதுதான் ஸ்க்ரூவின் வேலை. ஒட்டவே இல்லையென்றால், ஒவ்வொரு தடவை குனிந்து நிமிரும்போதும் சுமை வாங்கி வாங்கி டைட்டானியமே ஒரு நாள் களைத்து உடையும், இல்லை எலும்பில் ஆடத் தொடங்கும். எலும்பு பஞ்சாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளே துளையும் பக்கத்தில் ஓட்டைகளும் உள்ள ஸ்க்ரூ உண்டு. அதன் வழியாக எலும்பு சிமெண்ட்டைச் செலுத்திச் சுற்றிலும் இறுக வைப்பார்கள். அந்தச் சிமெண்ட் ரத்தக் குழாயில் கசிந்து நுரையீரல் வரை போகிற அபாயமும் உண்டு. இதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் கேட்க எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஸ்க்ரூவ விடு, என் எலும்பு எப்படி இருக்குன்னு பாரு" என்றாள். எலும்பின் அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் வருகிற செவ்வாய்க்கிழமை.