கழுத்தில் ஒரு முடிச்சு

பெரியவர்களின் குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைப்பார்கள். குழந்தைக்கு அது வேண்டாம்; அதன் தசையில் பழுதில்லை. கருவில் விரை வயிற்றிலிருந்து இறங்கும்போது கூடவே இறங்கும் சவ்வுப் பை, பிறகு தானே மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் நின்றால் அதன் வழியே குடல் நழுவும். பெண் குழந்தைக்குச் சில நேரம் சினைப்பையே வந்துவிடும். ஆக, வேலை ஒன்றுதான்: பையின் கழுத்தைக் கட்டுவது.

சென்னையின் ஓர் அரசு மருத்துவமனைத் தியேட்டரில் அன்று முதலில் இரண்டு வயதுப் பையன். தொடை மடிப்பில் சிறு கீறல். வெங்காயச் சருகுபோல் மெலிந்த பையை டாக்டரம்மா மேலே தூக்கி எனக்குக் காட்டினார். அதன் முதுகில் ஒட்டியபடி ஒரு வெள்ளைக் கோடு. "இதுதான் சார் விந்துக்குழாய். இடுக்கியால இதைப் பிடிக்கவே கூடாது." பிரித்தார், பிரித்தார், கட்டியது ஒரு நொடி. கை நீளுமுன்பே சிஸ்டர் நூலை வைத்துவிட்டார். அரைமணிகூட ஆகவில்லை.

அடுத்தது நான்கு வயதுச் சிறுமி. தொப்புள் வழியே கேமரா, வயிற்றுக்குள் கரியமில வாயு. போலந்தின் அறுவை மருத்துவர் பட்கோவ்ஸ்கி 2006இல் வெளியிட்ட முறை இது. சாதாரண ஊசிக்குள் நூலைக் கோத்து, தோல் வழியே இறக்கி, பை தொடங்கும் துவாரத்தைச் சுற்றி வளைத்து இறுக்குகிறார்கள். பையைப் பிரிக்கும் வேலையே இல்லை. மயக்க மருத்துவருக்குத்தான் கூடுதல் பாடு: வாயு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் பெரும்பாலும் மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டிவரும். "குறைமாசக் குழந்தைன்னா நான் ஓபன்தான் கேப்பேன். முதுகுல ஊசி போட்டே முடிச்சிடலாம்" என்றார்.

கேமரா இடப்பக்கம் திரும்பியது. வீக்கமே இல்லாத அங்கேயும் ஒரு துவாரம். தியேட்டரில் வாக்குவாதம் வந்தது இங்கேதான். ஒரு பக்கம் ஆபரேஷன் ஆன நூறு பிள்ளைகளில் மறுபக்கம் பின்னால் இறங்குவது ஏழெட்டுப் பேருக்கு. கேமராவில் துவாரம் தெரிவதோ முப்பதுக்கும் மேல். பார்த்ததையெல்லாம் தைத்தால் பலருக்கு அது வீண் தையல். "மயக்கம் குடுத்தாச்சு, உள்ளேயும் வந்தாச்சு, ரெண்டு நிமிஷ வேலை" என்றார் டாக்டரம்மா. இளைய மருத்துவருக்கு ஒப்பவில்லை. "பையனா இருந்தாலும் தைப்பீங்களா மேடம்?" எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. சிறுமிக்கு ஊசிமுனையில் விந்துக்குழாய் இல்லை, தாயின் சம்மதமும் முன்பே வாங்கியிருந்தது, தைத்தார்கள். பையன் என்றால் நான் இளையவர் பக்கம். தழும்பின் நீளத்தை வைத்து இந்த இரு முறைகளையும் ஒப்பிடும் விளம்பரங்கள் இந்த மறுபக்கக் கேள்வியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மதியம் இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பையனின் அம்மாவுக்குக் குறை: "அந்தப் புள்ளைக்குக் கேமரா வச்சாங்களாமே மேடம், எங்களுக்கு ஏன் பழசு?"

"ரெண்டுலயும் கட்டுறது ஒண்ணுதாம்மா. அவன் அழும்போது மறுபக்கம் வீங்குதான்னு மட்டும் பாருங்க. வீங்கினது உள்ளே போகலைன்னாலோ, வாந்தி எடுத்தாலோ, ராத்திரின்னு பார்க்காம உடனே தூக்கிட்டு வந்துடுங்க."