நோட்டில் நான்காவது கட்டம்

வீட்டுச் செலவைக் குறைப்பது என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலோர் கைவைப்பது பாலிலும் காபித்தூளிலும் பூவிலும்தான். அதனால்தான் அந்தச் சிக்கனம் இரண்டு மாதம் தாண்டுவதில்லை. காபித்தூளில் சிக்கரியைக் கூட்டிப் பாருங்கள், மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். வாய் திறந்து யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர் ஆபீஸ் போகிற வழியில் டீக்கடையில் ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். தூளில் மிச்சம் பிடித்தது அந்த டம்ளரோடு போச்சு. நாக்குக்குத் தெரிகிற இடத்தில் வெட்டிய செலவு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாத இடத்தில் வெட்ட வேண்டும். மதுரையில் குடித்தனம் நடத்தி, வரவு செலவு எழுதி எழுதி நான் கண்டது இவ்வளவுதான்.

அந்த இடம் எங்கே இருக்கிறதென்று கடையில் நிற்கும்போது தெரியாது, நோட்டில்தான் தெரியும். என் மாமியார் நோட்டில் மூன்று கட்டம் இருக்கும்: தேதி, சாமான், ரூபாய். நான் நான்காவதாக ஒன்று சேர்த்தேன்: யாருக்காக. பால் என்றால் ‘எல்லோருக்கும்’. முட்டிவலித் தைலம் என்றால் ‘அத்தை’. ஜியாமெட்ரி பாக்ஸ் என்றால் ‘சின்னவன்’. பேனா யோசிக்காமல் ஓட வேண்டும். எந்த வரியில் நின்றுவிடுகிறதோ அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுவேன். மாதக் கடைசியில் நான் முதலில் கூட்டுவது மொத்தத்தை அல்ல, அந்த வெறும் கட்டங்களுக்கு நேரே இருக்கிற தொகையை. எந்த வீட்டிலும் அது கொஞ்சமாக இருந்து நான் பார்த்ததில்லை. சம்பளம் கூடுகிற வீட்டில் இன்னும் வேகமாகக் கூடுகிறது.

ஜிபே வந்தபிறகு எதற்கு நோட்டு என்று என் மகள் கேட்கிறாள். போனில் எல்லாம் வரிசையாகத்தான் நிற்கிறது, தேதி, நேரம்கூட இருக்கிறது. யாருக்காக என்று மட்டும் அது கேட்பதில்லை.

வெறும் கட்டங்களில் என்னென்ன வருகிறது? இன்னும் முப்பது ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்று ஆப் சொன்னதற்காக வாங்கிய பிஸ்கட். யாரும் போகாத ஜிம்மின் சந்தா. வீட்டில் பார்ப்பது ஏழெட்டு சேனல் என்றாலும் இருநூறு சேனலுக்குக் கட்டும் பேக். வேண்டிய சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று டிராய் விதி வந்தது 2019இல், இன்னும் பல வீடுகளில் ஆபரேட்டர் போட்டுவிட்ட பேக்தான் ஓடுகிறது. போன் ரீசார்ஜ் இதைவிட நைசான வேலை. 28 நாள் பேக்கை மாத பேக் என்று நினைத்துக்கொள்கிறோம். 28ஐ 13ஆல் பெருக்கினால் 364. அதாவது வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். ஒன்று 300 ரூபாய், வீட்டில் நான்கு போன் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பதின்மூன்றாவது மாதத்துக்கு மட்டும் 1,200 ரூபாய். ஒரு தேதிக்கு ரீசார்ஜ் செய்தால் அடுத்த மாதம் அதே தேதிவரை வரும் பேக்கும் எல்லா கம்பெனியிலும் இருக்கிறது. தேடித்தான் எடுக்க வேண்டும், விளம்பரத்தில் வராது.

கரண்டு பில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் பில்லில் ஒரு படி இருக்கிறது, அதில் தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அதற்கு மேல், 500 யூனிட்டுக்குள் நிற்கிறவர்களுக்கு ஒரு கணக்கு, தாண்டியவர்களுக்கு வேறு கணக்கு. அந்தக் கட்டணத்தை வைத்துப் போட்டுப் பார்த்தேன். 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! இலவச நூறுக்கு அடுத்த நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த பாதி விலைச் சலுகை 500ஐத் தாண்டியதும் கழன்றுவிடுவதுதான் காரணம். விகிதம் அதன்பின் ஏறியிருக்கிறது, ஆனால் படி இருந்த இடத்திலேயே இருந்தது.

அதனால் ரீடிங் எடுத்துப் போன தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, முப்பதாம் நாள் மீட்டரைப் போய்ப் பார்ப்பேன். 250க்குள் இருந்தால் கவலை இல்லை. தாண்டியிருந்தால் மீதி முப்பது நாளுக்கு ஒரு திட்டம் வேண்டும். அந்தத் திட்டத்தில் லைட்டை அணைப்பது கடைசி. எல்.இ.டி. பல்பு குடிப்பது ஒன்பது வாட்ஸ், அதற்காகப் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ். பி.எல்.டி.சி. ஃபேன் ஏறக்குறைய 30. தினம் பதினைந்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் வித்தியாசம், மூன்றுக்கு 120. மதுரை வெயிலில் ஃபேன் பதினைந்து மணி நேரத்தோடு நிற்பதே அபூர்வம். இரண்டு கிலோவாட் கீசர் தினம் அரை மணி ஓடினால் 60 யூனிட். ஃபேன் மாற்றியது காற்றில் தெரியாது. நான் சொன்ன ‘யாருக்கும் தெரியாத இடம்’ இதுதான்.

கேஸ் அடுப்பிலும் அப்படித்தான். துவரம்பருப்பை அரை மணி ஊறவைத்துவிட்டு, ஒரே குக்கரில் அடியில் பருப்பு, மேல் அடுக்கில் அரிசி, அதற்கும் மேலே ஒரு கிண்ணத்தில் நறுக்கிய காய் என்று வைத்துவிடுவேன். ஆவி வந்ததும் வெயிட்டைப் போட்டு, முதல் விசிலுக்கு முன் அது லேசாக அசையத் தொடங்குகிற நேரத்தில் தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது, இனி எவ்வளவு தீ வைத்தாலும் சூடு கூடப் போவதில்லை. கூடுதல் தீ எல்லாம் விசிலாக வெளியே போகும். விசில் எண்ணிச் சமைக்கிற வீட்டில் கேஸைத்தான் எண்ணுகிறார்கள். சிம்மில் நிமிடம் எண்ணுங்கள். பர்னரில் தீ மஞ்சளாக எரிந்தால் ஓட்டை அடைத்திருக்கிறது, ஊசியால் குத்திவிட்டால் நீலத்துக்கு வந்துவிடும். சாம்பார் அதே சாம்பார்தான்.

காய்கறிக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை எங்கள் ஊர் அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று திறந்தார்கள். காலையில் விலைப் பலகையில் எழுதுகிற விலை, மொத்த விலைக்கு மேலேயும் வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழேயும் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று பை நிறைய அள்ளிக்கொண்டு வருவதில்தான் ஆபத்து. கிலோ 40 ரூபாய் தக்காளியில் பாதி அழுகிப் போனால் நாம் தின்றது 80 ரூபாய் தக்காளி. ஆகவே என் நோட்டின் பின்பக்கத்தில் ‘வீண்’ என்று ஒரு பக்கம் உண்டு. குப்பைக்குப் போன அரை மூடித் தேங்காய், பழுத்துப்போன பாகற்காய், பூஞ்சை பிடித்த இஞ்சி, எல்லாம் அதில் ஏறும். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மறுவாரம் பை எடுப்பேன். எங்கள் வீட்டில் அதிகம் ஏறுவது கீரை. இரண்டு கட்டு வாங்குவதை நிறுத்தி ஒன்றாக்கினேன், யாரும் கேட்கவில்லை.

மளிகையில் பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். இப்போது எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் அச்சடிக்கிறார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத்தான் படிக்க வேண்டும். ஷாம்பூவில் ஒரு ரூபாய் சாஷே பல நேரம் பாட்டிலைவிட மில்லிக்குக் குறைவாக விழுகிறது. சாஷேயை ஊருக்குக் கொண்டுவந்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன், நம்மவர்தான். பாட்டிலில் இன்னொரு சங்கடம், நிறைய இருக்கிறதென்று கை தாராளமாகக் கவிழ்க்கும். ரேஷன் கடைக்குப் போவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறவர்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்தக் கௌரவத்துக்கு மாதாமாதம் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று உங்கள் மளிகை பில்லோடு ஒட்டிப் பாருங்கள்.

நான் தொடாத வரிகளும் உண்டு. ஒருமுறை பூக்கார அம்மாவுக்குக் கொடுக்கிற மாதப் பணத்தின் மேல் என் பென்சில் போனதைப் பார்த்துவிட்டு மாமியார் சொன்னார்: “ஏத்தா, மல்லியப்பூவ மட்டும் நிறுத்திப்புடாத. அப்புறம் மிச்சம் புடிச்சு யாருக்கு?” நான்காவது கட்டத்தில் ஒருவர் பெயர் தெளிவாக விழுந்துவிட்டால் அந்தச் செலவு அவருடையது. நமக்கு அனாவசியமாகத் தெரிகிறது என்பதற்காக அதை அடிக்க எனக்கு உரிமை இல்லை. சின்னவனின் கிரிக்கெட் பந்து மாதத்துக்கு இரண்டு தொலைகிறது. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மிச்சம் பிடித்த பணத்தை அன்றைக்கே இடம் மாற்றாவிட்டால் இத்தனையும் வீண். அதே கணக்கில் கிடந்தால் அடுத்த மாதம் அது எங்கே போனதென்று தெரியாது. எங்கள் அம்மா காலத்தில் சிறுவாடு அரிசிப் பானைக்குள் போனது. 2016 நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது எத்தனை வீட்டில் அந்தப் பானைகள் ஆண்கள் முன்னால் கவிழ்ந்தன என்று பார்த்தோம். நான் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.க்கு மாறிவிட்டேன். மாதம் நூறு ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருடம். கரண்டு பில்லில் குறைந்தது, ரீசார்ஜில் குறைந்தது என்று கூட்டி, மாதாமாதம் அந்தத் தொகையைக் கட்டும்படி ஒரு ஆர்.டி. போட்டுவிட்டேன்.

நீங்களும் ஒன்றாம் தேதி ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் மாதம் எதையும் நிறுத்த வேண்டாம், பாலையும் பூவையும் கட்டாயம் நிறுத்த வேண்டாம். நோட்டு வாங்கிய காசை முதல் வரியில் எழுதி, நான்காவது கட்டத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள்.