முறைப்பாடு சொன்னால் மதிப்புக் குறையாது

1980களில் நோர்வேக்கு வந்த ஈழத்தமிழர்கள் பலருக்கு முதல் வேலை கிடைத்தது நாட்டின் வடகோடியான பின்மார்க்கில்தான். போட்ஸ்பியோர்ட், ஹம்மர்பெஸ்ட் போன்ற கடற்கரை ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில், இறப்பர் சப்பாத்தும் வெள்ளை மேலங்கியுமாக, விரல் விறைக்க விறைக்க நின்று மீன் வெட்டினார்கள். இடைவேளையில் கோப்பி குடிக்கப் போனால் மேற்பார்வையாளரும் பக்கத்துக் கதிரையில் வந்து இருப்பார். அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "சேர்" என்று எழுந்து நின்று பழகியவர்களுக்கு அது இலேசில் வாயில் வரவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் எல்லோரும் சமமாகிவிடுவதில்லை. ஒருவரும் விரும்பாத வேலை புதிதாக வந்தவரின் தலையில் விழுவதும், அவருடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதும் இங்கேயும் உண்டு. ஆனால், தட்டிக்கேட்பதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. தொழிலாளியின் கண்ணியம் கெடாதபடி வேலையை ஒழுங்குசெய்வது முதலாளியின் கடமை என்கிறது 2005ஆம் ஆண்டின் வேலைச்சூழல் சட்டம். சக தொழிலாளி துன்புறுத்தப்படுவதை அறிந்தவரும் அதைத் தெரிவித்தாக வேண்டும். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2024 முதல் நடைமுறை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கண்டால், வேலையையே நிறுத்திவைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

பள்ளிக்கூடங்களிலும் கொடுமையைத் தட்டிக்கேட்கும் விழிப்பு வந்ததற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது.

1982இன் இறுதியில் வட நோர்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். பத்துக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயது. சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டே கல்வி அமைச்சு நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பேர்கன் நகரில் உளவியலாளர் டான் ஒல்வேயுஸ் 42 பள்ளிகளில், ஏறத்தாழ 2,500 மாணவர்களிடையே தமது திட்டத்தைச் செயற்படுத்திப் பார்த்தார். இடைவேளையில் ஆசிரியர்கள் முற்றத்தில் நிற்பது, வகுப்புக்குத் தெளிவான விதிகள் வைப்பது, அடித்தவன், அடிபட்டவன் இருவருடைய பெற்றோருடனும் பேசுவது என்று எல்லாம் எளிய காரியங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுமைப்படுத்தல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

2017இல் கல்விச் சட்டம் இன்னும் இறுகியது. தனக்குப் பள்ளியில் பாதுகாப்பில்லை என்று மாணவர் சொன்னால், பள்ளி விசாரித்து, என்ன செய்யப்போகிறது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். கொடுமை செய்பவர் ஆசிரியராகவே இருந்தால், அதை அறிந்த மற்ற ஆசிரியர் உடனே அதிபரிடம் சொல்ல வேண்டும். பள்ளி அசையாவிட்டால் பெற்றோர் மாவட்ட ஆளுநர் அலுவலகத்துக்குப் போகலாம்.

இவ்வளவும் இருந்தும் தமிழ்ப் பெற்றோர் பலர் வாய் திறப்பதில்லை. ஆசிரியர், தாய், பிள்ளை மூவரும் ஒரு மேசையைச் சுற்றி இருக்கும் பெற்றோர் சந்திப்பை எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் பிள்ளை எப்படி என்று கேட்கத்தான் தாய் வந்திருப்பார். ஆசிரியையோ பிள்ளையிடம், "இடைவேளையில் யாரோடு விளையாடுகிறாய்?" என்று தொடங்குவார். "ஒருத்தரோடும் இல்லை" என்று பிள்ளை சொன்னதும், "சின்னப் பிள்ளைகளின் சண்டைதானே, பெரிசாக்க வேண்டாம்" என்று தாய் முந்திக்கொள்வார். பூவரசந்தடிக்குப் பயந்து படித்த தலைமுறை அது. நோர்வேப் பள்ளிகளிலோ பிரம்புக்கு 1936இலேயே தடை வந்துவிட்டது. வந்த நாட்டில் கரைச்சல்காரர் என்று பெயர் எடுக்கக் கூடாது என்ற அச்சமும் அந்தத் தாயின் வாயை அடைக்கிறது.

தமிழருக்குள்ளேயும் இந்தக் கணக்கைப் பார்த்தாக வேண்டும். "ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் சாதியைத் துழாவும் பழக்கம் கடல் கடந்தும் வந்திருக்கிறது. தமிழ் பேசத் தடுமாறும் பிள்ளையை வார இறுதித் தமிழ் வகுப்பில் வைத்துச் சிரித்தால், அதுவும் கொடுமைதான். விசாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்பவரைத் தமிழ் முதலாளி ஏய்த்தால், அவர் மீதும் அதே வேலைச்சூழல் சட்டம்தான் பாயும்.

ஆகவே, பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். சொன்னதை நம்புங்கள். அதிபருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்திருங்கள். வேலையிடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி யார் என்று இன்றே விசாரித்து வையுங்கள். அடுத்த தேர்தலில் அந்தப் பொறுப்புக்கு நீங்களே நில்லுங்கள்.